யோவான் கிண்ணம்

முப்பது வருஷம் ஜெர்மனியில் ரோமைக்காரரும் லூத்தர்காரரும் ஊர் ஊராக எரித்தார்கள். பிறகு ஒருநாள் ஓஸ்னாப்ரூக் பட்டணத்தில் உட்கார்ந்து சமாதானம் என்று கையெழுத்துப் போட்டார்கள். போட்டதோடு விட்டார்களா என்றால் இல்லை. எந்த ஊர்க் கோயில் யாருக்கு என்று ஒரு விதியும் எழுதினார்கள். ஆயிரத்து அறுநூற்று இருபத்து நான்காம் வருஷம் பிறந்தபோது அந்தக் கோயிலில் எந்த முறையில் வழிபாடு நடந்ததோ, இனி என்றைக்கும் அதுதான். ரோமை முறை என்றால் ரோமைக்காரருக்கு, லூத்தர் முறை என்றால் லூத்தர்காரருக்கு. அதென்ன இருபத்து நான்கு? பேரரசர் தரப்பு முப்பது என்றதாம், எதிர்த்தரப்பு பதினெட்டு என்றதாம், மாட்டுச் சந்தையில் விலை படிவது மாதிரி நடுவில் ஒன்று படிந்தது. அந்த நடு வருஷம் யார் தலையில் விடியும் என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன கவலை.

ஊலன்பெக் என்கிற கிராமத்தில் அது ஹில்லேயின் தலையில் விடிந்தது.

ஹில்லே அந்த ஊர் மருத்துவச்சி. அந்த இருபத்து நான்காம் வருஷம் ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த கையோடுதான் அவள் பக்கத்து ஊரிலிருந்து ஆரெண்டுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். கல்யாணத்தை நடத்திவைத்தவர் எவர்ட் சாமியார். அவர் ஒரு தினுசான மனிதர். பூசையை லத்தீனில் வைப்பார், பாட்டை ஊர்ப் பாஷையில் பாடச் சொல்வார். சமையலுக்கென்று வீட்டில் ஒரு அம்மாள் இருந்தாள். அந்த அம்மாளுக்கு நாலு பிள்ளைகள், நாலும் சாமியாரின் மூக்கோடு பிறந்தவை. நீங்கள் ரோமையா லூத்தரா என்று யாராவது கேட்டால், சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து போய்விடுவார். ஊரும் அதற்குமேல் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. அந்தத் தவக்காலத்திலேயே அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். எவர்ட் சாமியார் பூசையில் ஜனங்களுக்குத் திராட்சரசக் கிண்ணம் கொடுத்தாரா? அப்பமும் கிண்ணமும் கொடுத்தால் லூத்தர் முறை. ஜனங்களுக்கு அப்பம் மட்டும், கிண்ணம் சாமியாருக்கு என்றால் ரோமை முறை. அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்களைக் கொள்ளைநோயும் பட்டினியும் பட்டாளமும் வாரிக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியது இரண்டே பேர். ஒருத்தி ஹில்லே. இன்னொருவர் கோயில் மணியடிக்கிற லுபெர்ட்.

ஹில்லேக்கு இதில் சந்தேகமே கிடையாது. கல்யாணத்தன்று சாமியார் தன் கையால் கிண்ணத்தை அவள் வாயில் வைத்தார், பிறகு ஆரெண்டின் வாயில் வைத்தார். எத்தனையோ பிரசவ வீட்டில், வலி எடுக்கக் காத்திருக்கும் நேரத்தில், அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் அவளுடைய மருமகன் யோஹிம் அவளைச் சாட்சியாகக் கொடுத்திருந்தார். யோஹிம்தான் இப்போது அந்தக் கோயிலின் லூத்தரன் போதகர். ஸ்வீடன்காரர் படையோடு வந்தபோது லூத்தர் முறை வந்தது. இடையில் போய், மறுபடி வந்து, கடைசியாக யோஹிம் வந்தார். கோயில் ரோமைக்காரருக்கு என்று தீர்ப்பானால் தவக்காலம் தொடங்குவதற்குள் போதகர் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

ஹில்லே பெற்றது ஐந்து. மிஞ்சியது ஆல்ஹைட் ஒருத்தி. அந்த ஆல்ஹைட் இப்போது எட்டு மாதம்.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் ஹில்லே மகளைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கை போன இடத்தில் தலை இல்லை. இடது விலாப்பக்கம் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது, வலப்பக்கம் கால். பிள்ளை குறுக்கே கிடந்தது.

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?" என்றாள் ஆல்ஹைட்.

"நல்லா உதைக்குது. உங்கப்பன் மாதிரி முரடு."

"பொய் சொல்லாத. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

குறுக்கே கிடக்கிற பிள்ளையை ஹில்லே இதுவரை பதினோரு தடவை திருப்பியிருக்கிறாள். வலி வந்தபிறகு, சரியான நேரம் பார்த்து, வலது கையின் இரண்டு விரலை விட்டுக் காலைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்குத் தாய் வீட்டில் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். இந்தச் சேற்றில், கலைத்துவிட்ட சிப்பாய்கள் திருடர்களாகத் திரிகிற ரோட்டில், குலுங்குகிற வண்டியில் வைத்துச் செய்கிற காரியமில்லை அது. ஆனாலும் நாளைக்கு உண்மையைச் சொன்னால் போதுமே, உண்மை நம் பக்கம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

கோயில் மதிலை ஒட்டினாற்போல் லுபெர்ட்டின் குடிசை. மணியடிக்கிறவருக்கென்று கோயில் கொடுத்த குடிசை. மகனைப் பட்டாளம் இழுத்துக்கொண்டு போனபிறகு மருமகளோடும் மூன்று பேரப்பிள்ளைகளோடும் அவர் அதில் இருந்தார். ஊரில் ரோமைக்காரராகவே நின்றவர்கள் ஏழெட்டுக் குடும்பம், அதில் அவரும் ஒருவர். யார் படை வந்தாலும், யார் சாமியார் வந்தாலும், மணி மட்டும் லுபெர்ட் கையில்தான். அவர் வேலியோரம் நின்று முட்டைக்கோஸ் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மருத்துவச்சி, நாளைக்கு ரெண்டு பேரும் துரைங்க முன்னாடி நிக்கணுமாமே" என்றார்.

ஹில்லே நின்றாள். நிற்கிற நேரமில்லை, இருந்தாலும் அவரிடம் நாலு வார்த்தை பேசினால் மனசு கொஞ்சம் லேசாகும்.

"நெனச்சா சிரிப்பா வருது தங்கச்சி. பிராக் பட்டணத்துல எவனோ எவனையோ ஜன்னல் வழியா தள்ளிவிட்டான். விழுந்தவனுக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். அங்க ஆரம்பிச்சது. அதுக்கு என் மகன் போனான், உன் ஆரெண்ட் போனான், நம்ம ஊர்ல ஒரு மாடு மிஞ்சல. இப்ப கடைசியில என்ன கேக்குறாங்க பாரு. கல்யாணத்துல என்ன குடிச்சேன்னு கேக்குறாங்க."

ஹில்லேயும் சிரித்தாள். தான் குடித்ததைத்தானே சொல்லப் போகிறேன், சாமியார் கிண்ணத்தை வாயில் வைத்ததைச் சொல்வேன், அவர் வருத்தப்படக் கூடாது என்றாள்.

லுபெர்ட் தண்டை ஒடிப்பதை நிறுத்தினார். "எந்தக் கிண்ணம்?"

"பூசைக் கிண்ணம்தான். வேற எந்தக் கிண்ணம்?"

"அடி பைத்தியமே. அது யோவான் ரசம்."

ஹில்லேக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். யோவான் திருநாளன்று சாமியார் ஒரு ஜாடி ரசத்தை மந்திரிச்சு வைப்பார். ஏசுவின் சீடர் யோவானுக்கு எதிரிகள் விஷம் கலந்து கொடுத்தார்களாம், அவர் குடித்தும் ஒன்றும் ஆகவில்லையாம், அந்த ஞாபகத்துக்கு. கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அதில் ஒரு வாய் கொடுப்பார்கள், ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கும் கொடுப்பார்கள். அது பூசையில் அப்பத்தோடு கொடுக்கிற நற்கருணை இல்லை, வெறும் மந்திரிச்ச ரசம். சுத்தமான ரோமை வழக்கம். லூத்தர்காரர் அதை எப்போதோ ஒழித்துவிட்டார்கள்.

"பூசை முடிஞ்சப்புறம்தானே குடுத்தாரு? அப்பம் குடுத்த கையோட குடுத்தாரா? இல்லையே. ஜாடியைத் தூக்கிட்டு வந்தவனே நான்தான். 'யோவானின் அன்பைக் குடியுங்கள்' அப்படின்னாரு. உன் புருஷன் அவசரத்துல பாதியைச் சட்டையில ஊத்திக்கிட்டான். சாமியார்கூட சிரிச்சாரே."

ஹில்லேயின் காதில் அந்த வார்த்தை விழுந்ததும் எல்லாம் திரும்பி வந்தது. சட்டையில் சிவப்பாக வழிந்த ரசம். ஆரெண்டின் அசட்டுச் சிரிப்பு. யோவானின் அன்பைக் குடியுங்கள். ஆமாம், அப்படித்தான் சொன்னார். இருபத்தாறு வருஷமாக அந்த வார்த்தை அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது, அதற்கு அர்த்தம் மட்டும் தெரியாமல் போயிற்று. அவளுடைய ஊரில் அந்த வழக்கம் கிடையாது. யார் வந்து சொல்லித் தருவார்கள்?

"நீ குடிச்சதை நீ சொல்லு, நான் ஊத்தினதை நான் சொல்றேன். அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்றார் லுபெர்ட். அவருக்கு ஆல்ஹைட்டின் வயிற்றில் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று தெரியாது.

அன்றைக்கு முழுவதும் ஹில்லேக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போனாள், அடுப்பை மூட்டினாள், மூட்டிய அடுப்பில் எதையும் வைக்காமல் வெளியே வந்தாள். ஓடைவரை நடந்தாள். பாலத்தில் நின்றாள். திரும்பி வந்தாள். வழியில் பேசியவர்களுக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பொய்ச்சத்தியத்துக்கு என்ன தண்டனை என்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எந்த இரண்டு விரலைத் தூக்கி ஆணையிட்டாயோ அந்த இரண்டையும் வெட்டிவிடுவார்கள். ஹில்லே தன் வலது கையைப் பார்த்தாள். பிள்ளையைத் திருப்புகிற விரலும் அதே இரண்டுதான். உண்மையைச் சொன்னால் மகள் ரோட்டில் சாவாள். பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டால் மகள் கட்டிலில் சாவாள்.

மருமகனிடமே சொல்லிவிடலாம் என்று போனாள். யோஹிம் நல்ல மனிதர். தனக்கு வருகிற தானியத்தில் பாதியை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார், அதற்காக ஆல்ஹைட்டிடம் திட்டும் வாங்குவார். ஆனால் சத்தியம், பொய் என்று வந்துவிட்டால் மனிதர் இரும்பு.

"மாப்பிள்ளை, யோவான் ரசம்னு ஒண்ணு இருந்துச்சாமே, அப்படின்னா என்ன?" என்று கேட்டாள், ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி.

"மூடப்பழக்கம் அத்தை. ரசத்தை மந்திரிச்சா விஷம் அண்டாதுன்னு ஜனங்களை ஏமாத்தினாங்க. இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான். கிழவர் ஒருத்தர் சொன்னாரு."

"நீங்க எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. நாளைக்கு உண்மையைச் சொல்லுங்க, போதும். கடவுள் நம்ம பக்கம்" என்றார் யோஹிம். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்து ஹில்லேக்குக் கோபம்தான் வந்தது. அவரை அறைய வேண்டும் என்றுகூடத் தோன்றியது. பேசாமல் வந்துவிட்டாள்.

படுத்தபிறகு அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. கிண்ணத்தில் குடித்தாயா என்று மட்டும் கேட்டால் குடித்தேன் என்று சொல்லலாம். அது பொய்யில்லை. எந்தக் கிண்ணம் என்று அவர்கள் கேட்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவேளை கேட்க மாட்டார்கள். படித்தவர்களுக்கு இந்த ஊர்க் கல்யாண வழக்கமெல்லாம் எங்கே தெரியப் போகிறது. அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் விடியும்வரை புரண்டாள்.

விசாரணை பீர்க்கடையில் நடந்தது. ஊரில் கூரை மிஞ்சிய பெரிய அறை அது ஒன்றுதான். சாட்சிகள் தனித்தனியாக உள்ளே போக வேண்டும், மற்றவர்கள் முன்னறையில் காத்திருக்க வேண்டும். முன்னறையில் ஆண்கள் நின்றுகொண்டு சண்டையை மறுபடி முதலிலிருந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். வேதத்துக்காக நடந்த சண்டை என்றான் ஒருவன். வேதத்துக்காக என்றால் ரோமைக்கார பிரான்ஸ் ராஜா எதற்கு லூத்தர்கார ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்தார் என்று கேட்டான் இன்னொருவன். ஆளுக்கொரு பீர் வாங்கிக்கொண்டார்கள். ஹில்லே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். லுபெர்ட் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு தங்கச்சி. நீ நடக்கிறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

அவள் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஆல்ஹைட்டுக்குப் பிள்ளை குறுக்க கிடக்கு அண்ணே."

லுபெர்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். பட்டணத்திலிருந்து வந்த லூத்தரன் சபைக்காரர், தடித்த மனிதர். ரோமைத் தரப்பு வக்கீல், ஒல்லியாக, ஜலதோஷத்தோடு. ஓரத்தில் எழுதுகிறவர். ஹில்லே இரண்டு விரலைத் தூக்கி ஆணையிட்டாள். தடித்தவர் கேட்டார், அவள் சொன்னாள். கல்யாணம் எப்போது, நடத்தியது யார், கிண்ணத்தில் குடித்தாயா. குடித்தேன் என்றாள். தடித்தவர் திருப்தியாகப் பின்னால் சாய்ந்தார். அவ்வளவுதானா? ஹில்லேக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒல்லி வக்கீல் கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"அம்மா, ரோமைக் கோயில்கள்ல கல்யாணம் முடிஞ்சதும் யோவான் ரசம்னு ஒண்ணு குடுக்கிறது உண்டு. நீங்க குடிச்சது அதுவா? இல்ல, அப்பத்தோட சேத்துக் குடுக்கிற நற்கருணைக் கிண்ணமா? யோசிச்சு சொல்லுங்க. ஆணையிட்டிருக்கீங்க."

ஹில்லேயின் கண்முன்னே சட்டையில் ரசம் வழிய ஆரெண்ட் நின்றான். அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு மகளின் வயிற்றை நினைத்துக்கொண்டாள்.

"நற்கருணைக் கிண்ணம்தாங்க. யோவான் ரசம்னா என்னன்னே எனக்குத் தெரியாது."

எழுதுகிறவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அவள் வெளியே வந்ததும் லுபெர்ட் உள்ளே போனார். பட்டாளத்தான் உதைத்து உடைத்த கதவு, தாழ் போட்டால் நிற்காது. பேச்சு முழுதும் வெளியே கேட்டது. முன்னறையில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வக்கீல் உற்சாகமாக ஆரம்பித்தார். போன மாதம் நீங்கள் எங்கள் சாமியாரிடம், யோவான் ரச ஜாடியைச் சுமந்து வந்தவனே நான்தான் என்று சொன்னீர்களே, அதை இங்கே ஆணையிட்டுச் சொல்லுங்கள் என்றார். பிறகு ஹில்லே சொன்னதைப் படித்துக் காட்டினார். இரண்டு பேரில் ஒருவர் சொல்வது பொய், பொய்யென்று நிரூபணமானால் அந்த ஆளுடைய விரலை வெட்டச் சொல்லிச் சட்டம் இருக்கிறது, ஆகையால் தயங்காமல் சொல்லுங்கள் என்று தைரியம் சொன்னார்.

ஹில்லே தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள்.

"நான் மணிமேடைல இருந்தேன் சாமி" என்றார் லுபெர்ட். "கீழ என்ன குடுத்தாரு, என்ன குடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது."

"ஜாடி?"

"நான் கயிறு புடிக்கிறவன். ஜாடி புடிக்கிறவன் இல்ல."

"எங்க சாமியார்கிட்ட நீங்களே சொல்லியிருக்கீங்க."

"கிழவன் சாமி. ஒரு குவளை பீர் வாங்கிக் குடுத்தா யோவானையே தோள்ல தூக்கிட்டு வந்தேன்னுகூட சொல்லுவேன்."

முன்னறையில் யாரோ சிரித்தார்கள். லுபெர்ட் வெளியே வந்தார். எல்லார் முன்னாலும் குடிகாரக் கிழவனாக ஆகிவிட்டு வந்தார். ஹில்லே பக்கம் திரும்பவே இல்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

கோயில் லூத்தர்காரருக்கு என்று தீர்ப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை யோஹிம் அதைக் கோயிலில் வாசித்தார். சாட்சி ஹில்லே ஆணையிட்டுச் சொன்னதையும், யோவான் ரசம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது என்று சொன்னதையும் சேர்த்தே வாசித்தார். அந்த வரி வந்தபோது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. விசாரணைக்கு முந்தின நாள் அந்த ரசத்தைப் பற்றி அத்தை தன்னிடம் கேட்டாளே என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் நல்லவர்கள் தங்களுக்கு வேண்டாத ஞாபகத்தைச் சீக்கிரம் தள்ளிவிடுவார்கள். அவரும் தள்ளிவிட்டு மேலே வாசித்தார்.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம் ஆல்ஹைட்டுக்கு வலி எடுத்தது. ஹில்லே எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கையில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டாள். இரண்டு விரலும் உள்ளே போய்த் தேடி, முழங்காலைத் தாண்டிப் பாதத்தைப் பிடித்தன. ஆல்ஹைட் போட்ட கூச்சலை எழுதி மாளாது. பிள்ளை திரும்பியது. பெண் குழந்தை, நீலமாக வந்தது, முதுகில் தட்டியதும் சிவந்து அழுதது. தாயும் பிழைத்தாள்.

யோஹிம் அழுதுகொண்டே உள்ளே வந்தார். "நீங்க உண்மையைச் சொன்னதுக்குக் கடவுள் குடுத்த கூலி அத்தை இது" என்றார். ஹில்லே கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் அவளும் மெல்ல மெல்ல மறந்திருப்பாள். எதைத்தான் மனிதர்கள் மறக்கவில்லை. ஆனால் கோயில் ஒரு பக்கத்துக்கு என்று ஆகிவிட்டால் மணியும் ஒரு பக்கத்துக்குத்தானே? சபைப் பெரியவர்கள் கூடினார்கள். இனி லூத்தர்காரன்தான் மணியடிக்க வேண்டும், மணியடிக்கிறவனுக்குத்தான் குடிசை என்றார்கள். விதி என்றால் விதி. யோஹிம் தாமே போய் லுபெர்ட்டிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். சதுப்புநிலத்துக்கு அப்பால் ஒரு ரோமை ஊரில் லுபெர்ட்டின் மருமகளுக்குத் தூரத்து உறவு ஒன்று இருந்தது. அங்கே போவதாக முடிவாயிற்று.

ஹில்லே அன்றே வேலியோரம் போய் நின்றாள். அந்த விசாரணைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசுவது அதுதான் முதல்முறை. லுபெர்ட் ஒரு கூடையில் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தார்.

"குடிசை போகும்னு உனக்கு அப்பவே தெரியுமா அண்ணே?"

"நாப்பது வருஷமா இங்க இருக்கேன். எது எதுக்குப் பின்னாடி வரும்னு தெரியாதா?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"என் மருமக மூணு பெத்தா. மூணாவதுக்கு மூணு நாள் வலி. அது உன் விரலைப் புடிச்சுக்கிட்டுத்தான் வெளிய வந்துச்சு." கூடையை அழுத்திக் கட்டினார். "மணியை எவன் இழுத்தாலும் அடிக்கும் தங்கச்சி. உன் வேலையை எவன் செய்வான்?"

தான் போய் உண்மையைச் சொல்லிவிடுவதாக ஹில்லே சொன்னாள். பெரியவர்கள் முன்னாலே, பட்டணத்துக்கே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

"போய்ச் சொல்லு. உன் விரல் ரெண்டு, என் விரல் ரெண்டு. நாலு விரலைக் குடுத்து என்ன வாங்கப்போற? பச்சை உடம்புக்காரியை ரோட்டுக்கு அனுப்பப்போறியா? பேசாம வீட்டுக்குப் போ."

அவள் வீட்டுக்குப் போனாள். போனாளே தவிர, அடுத்த நாட்களில் அவளை வீட்டில் பார்த்தவர் யாரும் இல்லை. ஓடைக்கும் கோயிலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். எந்தக் கதியிலிருந்து மகளைக் காப்பாற்றினாளோ அதே கதியை அடுத்த வீட்டுக்காரர் தலையில் தூக்கி வைத்திருக்கிறாள். கூண்டு வண்டி, சேற்று ரோடு, மூன்று பிள்ளைகள். திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்தாலும் கணக்கு அதுதான்.

லுபெர்ட் புறப்பட்ட காலையில் தெருவில் நல்ல கூட்டம். ரோமைக்காரர், லூத்தர்காரர் எல்லாரும்தான் வந்திருந்தார்கள். நாற்பது வருஷம் மணியடித்த மனிதர் இல்லையா. யோஹிம்கூட குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஆல்ஹைட் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். சாமான்களெல்லாம் ஏற்றியாயிற்று, பிள்ளைகள் மேலே உட்கார்ந்தாயிற்று, லுபெர்ட் ஒரு காலை வண்டியில் வைத்தாயிற்று.

ஹில்லே மகளின் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் ஒரு ஜாடியும் மரக்கிண்ணமும். பிள்ளை பெற்றவளுக்குத் தெம்புக்கென்று வாங்கிவைத்திருந்த ரசம் அது. கூட்டம் வழிவிட்டது. வண்டியருகே வந்து, நிதானமாக ஊற்றி, கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"யோவானின் அன்பைக் குடியுங்கள் அண்ணே" என்றாள்.

மெதுவாகச் சொல்லவில்லை. தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி சொன்னாள். யோவான் ரசம் என்றால் என்னவென்றே தெரியாது என்று கோயிலில் வாசிக்கப்பட்டதைக் கேட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

லுபெர்ட்டின் முகம் வெளுத்தது. "பைத்தியக்காரி, கொண்டு போ உள்ள. விரலு..." என்றார் பல்லுக்கு நடுவே.

"குடிங்க."

அவர் வாங்கினார். அவசரத்தில் பாதி ரசம் சட்டையில் வழிந்தது. மீதியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. ஓடைப் பாலம் தாண்டும்வரை ஹில்லே பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூட்டம் கலைந்தது. அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அவள் சொன்னதைக் கேட்டதாக ஊரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பட்டணத்துக்கும் அது போகவில்லை. பாதி ஊர் அவள் கையில் பிறந்தது, மீதி ஊருக்கு இன்னும் பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

யோஹிம் மட்டும் குழந்தையோடு அங்கேயே நின்றார். "அத்தை, இப்ப நீங்க சொன்னது..."

"என் கல்யாணத்தன்னைக்கு எவர்ட் சாமியார் சொன்னது மாப்பிள்ளை."

யோஹிம் குனிந்து குழந்தையைப் பார்த்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

ஈஸ்டர் வந்தது. புதிய மணிக்காரன் கயிற்றை வெட்டி வெட்டி இழுத்தான், மணி இருமியது. ஜனங்கள் வரிசையில் மண்டியிட்டார்கள். யோஹிம் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டு வந்தார்; ஹில்லே வாங்கிக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் முறை வந்ததும் அவள் வாயை இறுக மூடி, தலையை ஆட்டினாள். எந்தக் கிண்ணத்துக்காக அவள் ஆணையிட்டாளோ அந்தக் கிண்ணம் அவள் முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றது. யோஹிமின் கண் கலங்கியது. கிண்ணம் அடுத்தவளிடம் போயிற்று.

அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் ஹில்லே இருந்தாள். அந்த லூத்தரன் கோயிலில், சாகும்வரை, அவள் அப்பம் மட்டும்தான் வாங்கினாள்.